ஒப்பந்ததாரரின் உரிமமும் அவருக்குப் பின்னால் நிற்கும் பிணையும்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் வீடு கட்டித் தரும் ஒப்பந்ததாரர்களின் முகவரி அட்டையைப் பார்த்தால், 'உரிமம் உண்டு, பிணை உண்டு, காப்பீடு உண்டு' என்ற மூன்றும் ஒரே வரியில் அச்சிடப்பட்டிருக்கும். படிக்கிறவருக்கு மூன்றும் சேர்ந்து 'இவரை நம்பலாம்' என்ற ஒரே பொருளைத்தான் தருகின்றன. கட்டுமான ஒப்பந்தங்களைப் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்வது என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இம்மூன்றில் மக்கள் மிகவும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது நடுவில் உள்ள பிணைதான்.

பிணை என்றால் என்ன என்று நமக்குத் தெரியாமலில்லை. ஒருவர் கடன் வாங்கும்போது இன்னொருவர் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறாரே, அதுதான். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தன் 126ஆவது பிரிவில் இந்த உறவில் மூன்று பேரைக் காட்டுகிறது: கடமைப்பட்டவர், அந்தக் கடமையை எதிர்பார்த்து நிற்பவர், முதலாமவர் தவறினால் நான் பொறுப்பு என்று சொல்லும் பிணையாளர். கட்டடத் தொழிலில் கடமைப்பட்டவர் ஒப்பந்ததாரர். எதிர்பார்த்து நிற்பவர் கட்டட உரிமையாளர். பிணையாளர் பெரும்பாலும் ஒரு நிறுவனம், பல நாடுகளில் அது காப்பீட்டு நிறுவனமாகவே இருக்கும். குழப்பம் தொடங்குவதும் இந்த இடத்தில்தான். பத்திரத்தை எழுதித் தருவது காப்பீட்டு நிறுவனம், அதற்குப் பிரீமியமும் கட்டப்படுகிறது என்பதால், பிணைப் பத்திரம் என்பது ஒப்பந்ததாரர் தமக்காக எடுத்துக்கொண்ட காப்பீடு என்று பலர், ஒப்பந்ததாரர்களே கூட, நினைத்துவிடுகிறார்கள்.

காப்பீட்டில் இழப்பு வரும் என்று எதிர்பார்த்தே, பலரிடம் வசூலித்த பணத்திலிருந்து சிலருக்குக் கொடுக்கிறார்கள். கொடுத்தபின் காப்பீடு எடுத்தவரிடம் அதைத் திருப்பிக் கேட்பதில்லை. பிணை நிறுவனம் அப்படியன்று. ஒப்பந்ததாரர் தவறியதால் அது உரிமையாளருக்குப் பணம் கொடுக்க நேர்ந்தால், அந்தத் தொகையை ஒப்பந்ததாரரிடமிருந்தே வசூலிக்கும். பிணையாளருக்கு இந்த உரிமை உண்டு என்பதை இந்தியச் சட்டத்தின் 140, 145ஆம் பிரிவுகள் சொல்கின்றன. அது போதாதென்று, பத்திரம் எழுதும்போதே ஈடுகட்டும் உடன்படிக்கை ஒன்றில் பிணை நிறுவனம் ஒப்பந்ததாரரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளும். ஒப்பந்ததாரரின் நிறுவனம் சிறியதென்றால் அதன் முதலாளி தம் சொந்தச் சொத்தையும் பொறுப்பாக்கிக் கையெழுத்திட வேண்டியிருக்கும். பல நேரம் அவருடைய மனைவியின் கையெழுத்தும் கேட்கப்படும். ஆகவே பத்திரத்துக்குப் பிரீமியம் கட்டுபவர் ஒருவர், அதனால் காக்கப்படுபவர் வேறொருவர்.

கொடுத்த பணத்தை வசூலிப்பது அவ்வளவு எளிதல்ல என்பது பிணை நிறுவனத்துக்கு நன்றாகத் தெரியும். அதனால் கையெழுத்திடுமுன் அது ஒப்பந்ததாரரைத் துருவித் துருவிப் பார்க்கிறது. ஆளின் நேர்மை, வேலைத்திறன், மூலதனம் ஆகிய மூன்றும் முதலில் பார்க்கப்படுபவை. மூன்றாண்டுக் கணக்குகள், கையிலிருக்கும் வேலைகளின் பட்டியல், ஒவ்வொன்றும் எந்த அளவில் நிற்கிறது, பொருள் கொடுத்தவர்களுக்கு எத்தனை நாளில் பணம் போகிறது, இதுவரை எடுத்த மிகப் பெரிய வேலை எது என்றெல்லாம் கேட்பார்கள். இதுவரை செய்ததைப்போல ஐந்து மடங்கு பெரிய வேலைக்கு ஒருவர் பிணை கேட்டால் தயங்குவார்கள், அந்தத் தயக்கம் நியாயமானதே. கட்டட ஒப்பந்ததாரர்கள் நொடித்துப்போவது வேலை இல்லாமல் மட்டுமன்று, தாங்க முடியாத அளவு வேலையை எடுத்துக்கொண்டும்தான். என்னைக் கேட்டால், பிணைப் பத்திரத்தால் உரிமையாளருக்குக் கிடைக்கும் பெரிய நன்மை பின்னால் வரக்கூடிய பணத்தைவிட முன்னால் நடந்த இந்தச் சோதனைதான் என்பேன்.

பத்திரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் வாசகமே விசித்திரமாக இருக்கும். பழைய வடிவத்தில் எழுதப்பட்ட பத்திரம், 'ஒப்பந்ததாரரும் பிணையாளருமாகிய நாங்கள் இன்னாருக்கு இவ்வளவு தொகை கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்' என்று, ஏதோ கடன் வாங்கிவிட்டவர்களைப் போலத் தொடங்கும். அடுத்த பத்தியில்தான் நிபந்தனை வரும்: ஒப்பந்ததாரர் தம் வேலையை ஒழுங்காகச் செய்து முடித்தால் இந்தக் கடப்பாடு செல்லாததாகும், இல்லாவிட்டால் முழு வலுவுடன் நிற்கும். முதலில் கடனை எழுதிவிட்டு, வேலையைச் செய்தால் அந்தக் கடன் அழிந்துபோகும் என்று சொல்லும் இந்த எழுத்துமுறை பல நூற்றாண்டுப் பழமையுடையது. தொகை என்ற இடத்தில் உள்ள எண்தான் பிணையாளரின் பொறுப்புக்கு உச்சவரம்பு.

பத்திரங்கள் பல வகைப்படும். ஒப்பந்தப்புள்ளி கொடுத்தவர் வேலை கிடைத்தபின் பின்வாங்காமலிருக்க ஒன்று. வேலையை முடித்துத் தருவதற்கு ஒன்று. முடித்தபின் குறிப்பிட்ட காலத்துக்குள் தோன்றும் பழுதுகளைச் சரிசெய்ய ஒன்று. இவற்றின் பெயரே இவற்றை விளக்கிவிடும். சற்று நின்று பார்க்க வேண்டியது, கூலிக்கும் பொருள்விலைக்கும் எழுதப்படும் பத்திரம்.

ஒரு வீட்டுக்குக் கம்பியும் சிமெண்டும் கடனுக்குக் கொடுத்த வியாபாரிக்கு ஒப்பந்ததாரர் பணம் தரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க மாநிலங்களில் அந்த வியாபாரி, தன் பொருள் எந்தக் கட்டடத்தில் சேர்ந்ததோ அந்தக் கட்டடத்தின் மீதே பற்றுரிமை, அதாவது தன் பாக்கிக்கு அந்தச் சொத்தையே பொறுப்பாக்கும் உரிமை, பதிவுசெய்யலாம். உரிமையாளர் ஒப்பந்ததாரருக்கு முழுப்பணத்தையும் முன்பே கொடுத்திருந்தாலும், பல மாநிலங்களில் அந்தப் பற்றுரிமை செல்லும். வீட்டை மீட்க அவர் அதே கம்பிக்கு இரண்டாம் முறை பணம் கொடுக்க நேரிடும். அரசுக் கட்டடமாக இருந்தால் சங்கடம் வியாபாரியின் பக்கம் போய்விடும். ஏனென்றால் அரசுச் சொத்தின் மீது பற்றுரிமை பதிய முடியாது. அந்தக் குறையை நீக்க 1894இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. ஆனால் அதில் ஒரே பத்திரம்தான் இருந்தது. அதன் மீது அரசுக்கு முதல் உரிமை, வியாபாரியும் தொழிலாளியும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். 1935இல் வந்த மில்லர் சட்டம் அதை மாற்றி, வேலையை முடிப்பதற்குத் தனிப் பத்திரம், கூலிக்கும் பொருளுக்கும் தனிப் பத்திரம் என்று பிரித்தது.

இனி உரிமத்துக்கு வருகிறேன். கலிபோர்னியாவை எடுத்துக்கொள்கிறேன், அங்கே ஒப்பந்ததாரர்களுக்கான உரிம வாரியம் 1929 முதல் இருக்கிறது. உரிமம் கேட்பவர் கடந்த 10 ஆண்டுகளுக்குள் 4 ஆண்டுகள் முழுத் தேர்ச்சியுள்ள தொழிலாளியாகவோ அதற்கு மேலான நிலையிலோ வேலை பார்த்திருக்க வேண்டும். பொதுவாகச் சட்டமும் வணிகமும் பற்றிய ஒரு தேர்வையும், தம் தொழில் பற்றிய ஒரு தேர்வையும் எழுத வேண்டும். அத்துடன் ஒரு பிணைப் பத்திரமும் தர வேண்டும். அந்தப் பத்திரத்தின் தொகை 2023 ஜனவரி முதல் 25,000 டாலர்.

தொகையைக் கேட்டதும் ஆறுதல் ஏற்படுவது இயல்பு. ஆனால் அது ஒவ்வொரு வீட்டுக்கும் 25,000 அன்று. அவரால் பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் சேர்த்து 25,000. ஒரே ஒப்பந்ததாரர் ஐந்து வீடுகளைப் பாதியில் விட்டுவிட்டு, ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் நட்டம் வந்தது என்றால், விகிதப்படி பங்கிடும்போது ஆளுக்கு 5,000 தான் மிஞ்சும். ஒருவருடைய வீட்டை முழுமையாக முடித்துத் தருவதற்கு எழுதிய பத்திரம் வேறு, உரிமம் பெறுவதற்காக வைத்த பத்திரம் வேறு. முகவரி அட்டையில் 'பிணை உண்டு' என்றிருப்பது பெரும்பாலும் இரண்டாவதையே குறிக்கிறது.

அப்படியானால் உரிமத்தால் பயனில்லையா என்று கேட்கக்கூடாது. அதன் பலம் பத்திரத்தின் தொகையில் இல்லை, உரிமம் பறிபோகும் என்ற அச்சத்தில் இருக்கிறது. பிணை நிறுவனம் பத்திரத்தை ரத்துசெய்து, ஒப்பந்ததாரர் மாற்றுப் பத்திரம் தராவிட்டால், உரிமம் நிறுத்திவைக்கப்படும். உரிமம் தேவைப்படும் வேலையை உரிமமில்லாமல் செய்தவர் கூலி கேட்டு அந்த மாநில நீதிமன்றத்தை நாட முடியாது. வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும், கொடுத்த பணம் முழுவதையும் உரிமையாளர் திருப்பிக் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. இது கொஞ்சம் கொடுமையான விதி என்றே எனக்குத் தோன்றுகிறது.

வேலை முடிப்பதற்கான பத்திரம் இருந்தும் பணம் கிடைக்காமல் போவதுண்டு. காரணம் பல நேரம் உரிமையாளரின் கையிலேயே இருக்கும். இரண்டு தவறுகளைச் சொல்கிறேன். ஒன்று, நடந்த வேலைக்கு மேல் பணம் கொடுத்துவிடுவது. மீதி வேலைக்காகக் கையில் இருந்திருக்க வேண்டிய பணத்தை நீங்களே இறைத்துவிட்டீர்கள் என்று பிணை நிறுவனம் வாதிடும். கலிபோர்னியாவில் வீட்டு மராமத்துக்கு முன்பணம் ஒப்பந்தத் தொகையில் 10 விழுக்காடு அல்லது 1,000 டாலர், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக்கூடாது என்ற விதி இருந்தும், வருகிற ஒப்பந்தங்களில் பாதிப்பணம் முன்னால் என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். இன்னொன்று, பிணையாளருக்குத் தெரியாமல் ஒப்பந்தத்தை மாற்றுவது. இந்தியச் சட்டத்தின் 133ஆவது பிரிவின்படி, பிணையாளரின் சம்மதமின்றி ஒப்பந்த நிபந்தனைகளை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தைய நடவடிக்கைகளுக்கு அவர் பொறுப்பாக மாட்டார். இரண்டு மாடி என்று எழுதிய ஒப்பந்தத்தில் வாய்மொழியாக மூன்றாவது மாடியைச் சேர்த்துவிட்டு, பிறகு பிணையாளரைத் தேடுவதில் பலனில்லை.

எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் தொலைபேசியில் கேட்டவுடன் காசோலை வராது. ஒப்பந்ததாரர் தவறிவிட்டார் என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும், நிறுவனம் விசாரிக்கும், அதன்பின் அதே ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்து முடிக்க வைக்கலாம், வேறொருவரை அமர்த்தலாம், அல்லது நட்டத்தைக் கணக்கிட்டுத் தரலாம். கேட்டவுடன் பணம் தரும் வகையில் எழுதப்பட்ட வங்கி உத்தரவாதத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஆனால் வங்கி உத்தரவாதத்துக்கு ஒப்பந்ததாரரின் பணமோ கடன் வரம்போ முடங்கிக் கிடக்கும். இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் காப்பீட்டு நிறுவனங்கள் பிணைப் பத்திரம் வழங்கலாம் என்று அனுமதித்ததற்கு இந்த முடக்கமும் ஒரு காரணம்.

கடைசியாக ஒரு சிறு விஷயம். உரிம எண்ணை வாரியத்தின் பதிவேட்டில் தேடும்போது அது நடப்பில் உள்ளதா என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடுகிறார்கள். பதிவேட்டில் உள்ள பெயரும், பத்திரத்தில் உள்ள பெயரும், நீங்கள் கையெழுத்திடப் போகும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். உரிமம் அண்ணன் நிறுவனத்தின் பெயரிலும் ஒப்பந்தம் தம்பியின் பெயரிலும் இருந்த ஒரு கோப்பு என் மேசைக்கு வந்ததுண்டு. பத்திரம் அண்ணனுக்குத்தான் எழுதப்பட்டது என்று பிணை நிறுவனம் ஒரே வரியில் பதில் எழுதியிருந்தது.

நன்றி, வணக்கம்.