இரும்பும் ஏடும்: ஒரு சித்திரவதை அருங்காட்சியகத்தைப் பார்க்கும் முறை

(வரலாற்று மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, சட்டமும் வரலாறும் பயிலும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், டாபர் ஆற்றின் கரைமேட்டில், இடைக்கால மதில் இன்னும் குலையாமல் நிற்கும் ரோத்தன்பர்க் என்னும் சிற்றூரில், குற்றமும் தண்டனையும் பற்றிய அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் கிறித்தவ வீரத்துறவியர் சபைக்குச் சொந்தமாயிருந்த மாளிகையில் 1977 முதல் இயங்கி வரும் அவ்விடத்தில், பெருவிரலை நசுக்கும் திருகுகளும் முள் பதித்த நாற்காலியும் தலைவெட்டும் வாள்களும் ஒருபுறம் இருக்க, சட்டப் புத்தகங்களும் முத்திரையிட்ட ஆணைகளும் மறுபுறம் கண்ணாடிப் பேழைகளில் விரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. வருகிறவர்களைச் சற்று நேரம் கவனித்தால், இரும்பின் முன்னால் கூட்டம் நெருக்குவதையும் ஏட்டின் முன்னால் ஒருவரிருவர் மட்டுமே நிற்பதையும் காணலாம். இத்தகைய இடங்களுக்குப் போக வாய்த்தால் ஏட்டின் முன்னால் நில்லுங்கள் என்பதே இன்று நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது. ஐரோப்பாவில் சில நூற்றாண்டுகள் நடந்த சித்திரவதை பெரிதும் படித்தவர்கள் எழுதி, படித்தவர்கள் நடத்திய நீதிமன்ற வேலையாக இருந்தது. இரும்பை மட்டும் பார்த்துத் திரும்புகிறவருக்கு அது தெரியாமலே போய்விடும்.

அங்கே மிகுதியான கூட்டத்தை ஈர்ப்பது 'இரும்புக் கன்னி' என்ற பெட்டி. பெண்ணுருவில் செய்து, உட்புறம் முழுவதும் கூர்முனைகள் பொருத்தி, ஆளை உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்தினால் உடலைத் துளைத்துவிடும் என்று கதை சொல்லப்படுகிற பெட்டி அது. இடைக்காலத்தில் இப்படி ஒரு கருவி பயன்பட்டதற்கு நம்பத்தக்க சான்று எதுவும் இல்லை. 1515இல் நியூரம்பர்க் நகரில் கள்ள நாணயக்காரன் ஒருவனை இவ்வாறு கொன்றார்கள் என்ற கதையை 1793இல் சீபென்கீஸ் என்ற எழுத்தாளர் எழுதினார்; அதன் பிறகுதான் இப்பெட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இன்று ரோத்தன்பர்க்கில் நிற்கும் பெட்டி, 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியிலும் அதன் பின்னர் அமெரிக்க நகரங்களிலும் காசு வாங்கிக்கொண்டு காட்டப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு தன்னை நாகரிகத்தின் உச்சமாகக் கருதிக்கொண்ட காலம். முன்னோரின் காலம் எவ்வளவு இருண்டதாகத் தோன்றுகிறதோ அவ்வளவு தன் காலம் ஒளிரும் என்று அது நம்பியது. அந்த நம்பிக்கைக்குச் செய்த சாமான்தான் இரும்புக் கன்னி என்பது என் கருத்து.

அவமானத் தண்டனைகளை விரைவாகக் கடந்து விடுகிறேன். எடை குறைந்த ரொட்டி விற்றவரைக் கூண்டில் அடைத்து நீரில் முக்கினார்கள். சண்டை பிடித்த இரு பெண்களின் கழுத்தையும் கைகளையும் ஒரே மரச்சட்டத்தில் எதிரெதிராகப் பூட்டினார்கள். புறங்கூறியவர் தலையில் நீண்ட நாக்குள்ள இரும்பு முகமூடியை மாட்டினார்கள். ஊராரின் சிரிப்பையே தண்டனையாக்கிய முறை இது. பார்வையாளர்களும் இவற்றின் முன்னால் சிரிக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் அந்த இடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனி ஏட்டுக்கு வருவோம். பன்னிரண்டாம் நூற்றாண்டு வரை, சாட்சி இல்லாத குற்றங்களில் ஐரோப்பிய நீதிமன்றங்கள் கடவுளிடமே தீர்ப்பைக் கேட்டன. பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் குற்றம் சாட்டப்பட்டவர் ஏந்த வேண்டும், அல்லது கொதிநீரில் கைவிட வேண்டும். புண் ஆறும் விதத்தைப் பார்த்துக் குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்வார்கள். நம் பக்கத்திலும் சுசீந்திரம் கோயிலில் கொதிக்கும் நெய்யில் கையை விடும் 'கைமுக்கு' வழக்கம் இருந்து, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில்தான் நின்றது. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் திருச்சபைப் பேரவை, இத்தகைய சோதனைகளில் குருமார்கள் பங்கேற்கக் கூடாது என்று தடுத்தது. குருமார் இல்லாவிட்டால் சோதனைக்குத் தெய்வ அனுமதி இல்லை. எனவே கடவுளின் இடத்தில் மனித நீதிபதி உட்கார வேண்டியதாயிற்று. தவறு செய்யக்கூடிய மனிதன் இன்னொருவனைக் கொலைக்களத்துக்கு அனுப்புவதானால் சான்று ஐயத்துக்கு இடமின்றி இருக்க வேண்டும் என்று சட்ட அறிஞர்கள் கருதினார்கள். நேரில் கண்ட இரண்டு சாட்சிகள் வேண்டும். இல்லாவிட்டால் குற்றவாளியே தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நிரபராதியைக் காப்பதற்காக வகுத்த இந்த உயர்ந்த விதியே சித்திரவதைக்குக் கதவைத் திறந்துவிட்டது. மறைவில் நடக்கும் குற்றத்துக்கு இரண்டு சாட்சிகள் எங்கிருந்து கிடைப்பார்கள்? ஒப்புதல் ஒன்றே வழி என்றாகும்போது, அது தானாக வராவிட்டால் வரவழைத்தாக வேண்டும். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1532இல் வெளியிட்ட, 'காரலினா' என்று வழங்கும் குற்றவியல் சட்டத்தை நிதானமாகப் படிப்பவர்களுக்கு இது விளங்கும். போதிய அறிகுறிகள் இல்லாமல் எவரையும் வதைக்கக் கூடாது என்று அது கட்டளையிடுகிறது. விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கக் கூடாது என்கிறது. வலியில் இருக்கும்போது சொல்வதை எழுதாமல், கருவியிலிருந்து விடுவித்த பிறகு சொல்வதையே எழுத வேண்டும் என்கிறது. ஒவ்வொரு வரியிலும் எச்சரிக்கை தெரிகிறது. ஆனால் எவ்வளவு வதைக்கலாம் என்ற கேள்விக்கு, நல்லறிவுள்ள நீதிபதியின் விருப்பம்போல் என்று விட்டுவிடுகிறது.

அந்தச் சட்டத்துக்கு முன்மாதிரியாக அமைந்தது 1507இல் பாம்பர்க் என்ற நகருக்காக ஷ்வார்ட்ஸன்பர்க் பிரபு தொகுத்த சட்டம். அதே பாம்பர்க்கில், சூனியக்காரர் வேட்டை உச்சத்திலிருந்த 1628ஆம் ஆண்டு ஜூன் மாதம், நகரத் தலைவராக இருந்த யோகான்னஸ் யூனியுஸ் என்ற ஐம்பத்தைந்து வயதுக்காரர் கைது செய்யப்பட்டார். அவருடைய மனைவி அதே சூனியக் குற்றச்சாட்டில் முன்பே கொல்லப்பட்டிருந்தார். யூனியுஸின் வழக்கில் இரண்டு ஆவணங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. ஒன்று, நீதிமன்ற எழுத்தர் எழுதிய விசாரணைக் குறிப்பு. மற்றொன்று, யூனியுஸ் ஜூலை 24ஆம் நாள் தம் மகள் வெரோனிகாவுக்குச் சிறையிலிருந்து இரகசியமாக எழுதிய கடிதம். அது இன்று பாம்பர்க் அரசு நூலகத்தில் இருக்கிறது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஜூன் 30ஆம் நாள் குறிப்பில், பெருவிரல் திருகு மாட்டப்பட்டது, கடவுளை நான் மறுதலித்ததில்லை என்கிறார், திருகினால் அவருக்கு வலி தெரியவில்லை என்று எழுத்தர் பதிந்திருக்கிறார். வலி தெரியாமை சாத்தானின் துணைக்கு அடையாளம் என்பது அக்காலச் சட்டவாதம். ஆகவே அந்தச் சிறிய வாக்கியமே அவருக்கு எதிரான சான்று. கடிதமோ, இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டித் திருகியதில் நகக்கண்களிலிருந்து இரத்தம் வழிந்ததையும், நான்கு வாரம் கைகளைப் பயன்படுத்த முடியாமல் போனதையும் சொல்லி, இந்த எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும் மகளே என்கிறது. ஒரே அறை, ஒரே நாள், ஒரே கை. அரசாங்க ஏட்டில் வலியே இல்லை.

கைகளைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தூக்கி எட்டு முறை விழவிட்ட பிறகு, அவரைச் சிறைக்கு அழைத்துச் சென்ற தண்டனைப் பணியாளனே அவரிடம் கெஞ்சியிருக்கிறான். ஐயா, எதையாவது ஒப்புக்கொள்ளுங்கள், உண்மையோ பொய்யோ கற்பித்துச் சொல்லிவிடுங்கள், இனி வரப்போவதை உங்களால் தாங்க முடியாது என்பது அவன் வேண்டுதல். யூனியுஸ் ஒரு கதையைக் கட்டிச் சொன்னார். அதோடு விடவில்லை. சூனியக் கூட்டத்தில் வேறு யாரைக் கண்டாய் என்று கேட்டார்கள். எவரையும் அடையாளம் தெரியவில்லை என்றபோது, சந்தையில் தொடங்கு, ஒரு தெருவழியே போ, அடுத்த தெருவழியே திரும்பி வா என்று தெருத் தெருவாகப் பெயர் கேட்டார்கள். அவரை முன்பு காட்டிக்கொடுத்தவர்களும் இப்படித்தான் காட்டிக்கொடுத்தார்கள். தாங்கள் கொல்லப்படுவதற்கு முன் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்கள் என்று கடிதத்தின் ஓரத்தில் குறித்திருக்கிறார். ஆகஸ்டு மாதத்தில் அவரும் கொல்லப்பட்டார். அந்த வேட்டையில் பாம்பர்க் ஆட்சிப்பகுதியில் 600 முதல் 1,000 பேர் வரை மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். சந்தைத் தெருவிலிருந்து பெயர் கேட்கும் முறையை நினைத்தால் அந்த எண்ணிக்கை எப்படி வளர்ந்தது என்பது விளங்கும். அதற்கு வேண்டியிருந்தவை ஒரு கயிறு, ஒரு திருகு, எழுதுவதற்கு ஓர் ஆள்.

ரோத்தன்பர்க் போகிறவர்கள் நியூரம்பர்க் நகர மன்றத்தின் கீழே உள்ள நிலவறைச் சிறையையும் பார்க்கலாம். இருள் மண்டிய 12 சிறு அறைகள். தீ வைத்தவருக்கான அறையின் மேல் சிவப்புச் சேவலும், அவதூறு பேசியவருக்கான அறையின் மேல் கறுப்புப் பூனையும் வரையப்பட்டிருக்கின்றன. அங்கே மேலே மன்றத்தில் உட்கார்ந்து கையெழுத்திட்டவர்களுக்கும் கீழே அறையில் கிடந்தவர்களுக்கும் இடையே இருந்தது ஒரு தளம்தான்.

காகிதத்தின் பங்கு எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு இன்னொரு சான்று சொல்ல வேண்டும். ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா 1768இல் வெளியிட்ட குற்றவியல் சட்டத்தின் பின்னிணைப்பில், திருகுகளையும் ஏணியையும் கயிற்றுக் கட்டுகளையும் பற்றிய செப்புத்தகட்டு ஓவியங்கள் உள்ளன. வியன்னா முறை ஒன்று, பிராகா முறை ஒன்று என்று பிரித்து, பாகங்களின் அளவுகளைக் குறித்து, கட்டும் விதத்தைப் படிப்படியாக வரைந்திருக்கிறார்கள். எல்லா ஊரிலும் ஒரே அளவில் வதை நடக்க வேண்டும் என்ற ஒழுங்கு நாட்டம் அதில் தெரிகிறது. சித்திரவதையின் அடித்தளத்தையே கேள்விக்குள்ளாக்கிய, இத்தாலியச் சட்ட அறிஞர் பெக்காரியாவின் நூல் மிலானோவில் எழுதப்பட்டு 1764இல் வெளிவந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் 1740இலேயே, அரியணை ஏறிய சில நாள்களுக்குள், பெரும்பாலான வழக்குகளில் வதையை நிறுத்தியிருந்தார். இவற்றுக்கெல்லாம் நூறாண்டுக்கு முன், 1631இல், சூனிய விசாரணைகளை அருகிலிருந்து கண்ட பிரெடெரிக் ஷ்பே என்ற இயேசு சபைத் துறவி, வதைத்தால் எவரும் எதையும் ஒப்புக்கொள்வார் என்று தம் பெயரை மறைத்து ஒரு நூல் எழுதி வெளியிட்டிருந்தார். எல்லாம் தெரிந்திருந்தும் படம் வரைந்தார்கள். எட்டாண்டுகள் கழித்து, 1776இல், அதே பேரரசியின் ஆட்சியில் வதை ஒழிக்கப்பட்டது.

நம் நாட்டைப் பற்றியும் பேச வேண்டும், ஏனெனில் சென்னை மாகாணத்துக்கு இந்த வரலாற்றில் நேரடியான இடம் உண்டு. நிலவரி வசூலிக்கக் குடியானவர்களை வதைக்கிறார்கள் என்ற முறையீட்டை, கஜுலு லட்சுமிநரசு செட்டியாரும் அவருடைய சென்னைச் சுதேசி சங்கமும் இங்கிலாந்து வரை கொண்டுசென்றார்கள். 1854இல் நாடாளுமன்றத்தில் விவாதம் எழுந்தது. விசாரணைக் குழு அமைந்தது. 1855இல் அதன் அறிக்கை வெளிவந்தது. ஏறத்தாழ 2,000 பேர் நேரிலும் கடிதத்திலும் முறையிட்டிருந்தார்கள். இரண்டு குச்சிகளுக்கு இடையே விரல்களை வைத்து நெரிக்கும் கிட்டி, ஆளைக் குனியவைத்துக் கயிற்றால் கட்டி அப்படியே நிறுத்தும் அண்ணாந்தாள், முதுகில் கல்லேற்றுதல், உச்சி வெயிலில் நிற்கவைத்தல், சாப்பிடப் போகவிடாமல் தடுத்தல் ஆகியவை அறிக்கையில் வரிசையாக வருகின்றன. இவற்றில் பேழையில் வைத்துக் காட்ட என்ன இருக்கிறது? குச்சி, கயிறு, கல், வெயில். எட்டணா பத்தணா வரிப் பாக்கிக்கு விரல் நெரிந்த குடியானவரின் வாழ்க்கையை எந்த அருங்காட்சியகமும் பொருளாகக் காட்ட முடியாது. அந்த அறிக்கையின் பக்கங்களில்தான் அவர் இருக்கிறார். அடிமட்டச் சிப்பந்திகள் மீது குற்றத்தை வைத்து, மேலிருந்த ஆங்கில அதிகாரிகளை அவ்வறிக்கை பெரும்பாலும் விடுவித்துவிட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

காவலரிடம் கொடுத்த ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது என்ற விதி 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வந்து, 1872 சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவாக நிலைபெற்று, 2023இன் புதிய சாட்சியச் சட்டத்தில் 23ஆம் பிரிவாகத் தொடர்கிறது. ஆனால் காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு அது செல்லும் என்ற பழைய 27ஆம் பிரிவின் விலக்கும் கூடவே தொடர்கிறது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்ட இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. சட்டம் பயிலும் மாணவர்கள் இம்மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு ரோத்தன்பர்க் பேழைகளைப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஜெர்மனிக்குப் போக எல்லாருக்கும் வாய்க்காது. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அக்கால வருவாய் வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்புகள் இருக்கின்றன. அடுத்த பருவத்தில் ஒரு வகுப்பு மாணவர்களாவது அங்கே சென்று, தங்கள் மாவட்டத்தின் 1850களுக்குரிய தொகுதிகளை எடுத்துப் படிக்க வேண்டும். அதற்கு அனுமதி பெற்றுத் தரும் பொறுப்பைத் துறைத் தலைவர்கள் ஏற்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.