டூட்: குரல மாத்துனா அர்த்தமும் மாறிடும்

வணக்கம் மக்களே, இன்னைக்கு ஒரே ஒரு வார்த்தைய பத்திதான் பேசப்போறேன், டூட் (dude), அமெரிக்காவுல கூட்டாளிய கூப்பிடுற வார்த்தை. நம்மாளுங்க டியூட்னு எழுதுறாங்க, அமெரிக்காக்காரங்க வாயில அது டூட்னுதான் வரும், அவங்க ஊரு வார்த்தை அதனால நானும் அப்படியே சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், டூட்னா யானையோட பின்பக்கத்துல இருக்குற முடின்னு ஒரு மெசேஜ் ரொம்ப நாளா நெட்ல சுத்துது பாருங்க, அது சுத்தப் பொய், தயவு செஞ்சு ஃபார்வர்ட் பண்ணாதீங்க. நெசக் கதை அதவிட எவ்வளவோ நல்லாருக்கு.

1883, நியூயார்க். பணக்கார வீட்டுப் பசங்க சில பேரு டைட்டா பேன்ட், ஒசரமா காலர், கையில ஒரு தடி, பேச்செல்லாம் இங்கிலாந்து ஸ்டைல்னு திரிஞ்சிட்டிருந்தாங்க, அவங்கள கிண்டல் பண்ணத்தான் இந்த வார்த்தை. ராபர்ட் சேல் ஹில்னு ஒருத்தர் அந்த வருஷம் ஜனவரில நியூயார்க் வேர்ல்ட் பேப்பர்ல இவங்கள நக்கலடிச்சு ஒரு கவிதை எழுதுனாரு, அப்புறம் எல்லாப் பேப்பர்லயும் டூட் டூட்னு ஒரே பேச்சு. யாங்கி டூடுல்னு ஒரு பழைய பாட்டு இருக்குல்ல, அதுல வர்ற டூடுல்லேர்ந்துதான் இது வந்திருக்கணும்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. எவாண்டர் பெரி வால்னு ஒரு ஆளுக்கு டூட்களோட ராஜான்னு பட்டமே குடுத்தாங்கன்னா பாருங்க!

அங்கேர்ந்து இது மேற்கே போச்சு, மாடு மேய்க்கிற கவ்பாய்ங்க, சிட்டிலேர்ந்து பளபளன்னு ட்ரெஸ் போட்டுட்டு வர்றவன் எல்லாரையும் டூட்னாங்க, வயோமிங், மொன்டானா பக்கம் டூட் ரான்ச்னு பண்ணைங்க இன்னைக்கும் இருக்கு, நீங்க காசு கட்டித் தங்கி குதிரை ஓட்டலாம். அப்புறம் 1930, 40கள்ல கறுப்பின இளைஞர்களும் மெக்சிகன் அமெரிக்க இளைஞர்களும் இத எடுத்து அவங்களுக்குள்ள ஒருத்தர ஒருத்தர் கூப்பிட்டுக்க ஆரம்பிச்சாங்க, எனக்கு இந்தக் கதையிலயே ரொம்பப் பிடிச்ச எடம் இதுதான், கிண்டல் வார்த்தை கூட்டாளி வார்த்தையா ஆனது இவங்களாலதான். அதுக்கப்புறம் கலிஃபோர்னியா சர்ஃபர்ஸ் (கடல் அலை மேல பலகைல சறுக்குறவங்க), 1980கள்ல சினிமா, ஒலகம் பூரா போயிடுச்சு.

சரி இப்ப எப்படி யூஸ் பண்றதுன்னு வருவோம். ஸ்காட் கீஸ்லிங்னு பிட்ஸ்பர்க் யுனிவர்சிட்டில ஒரு மொழியியல் புரொபசர், 2004ல இந்த ஒத்த வார்த்தைக்காகவே ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்காரு, ஸ்டூடன்ட்ஸ்கிட்ட மூணு நாள்ல உங்க காதுல விழற மொத 20 டூட குறிச்சிட்டு வாங்கன்னு அனுப்பிச்சாரு. அதுல பார்த்தா பசங்க பசங்கள சொல்றதுதான் அதிகம், அடுத்தது பொண்ணுங்க பொண்ணுங்கள. அவரு சொல்ற விஷயம் என்னன்னா, நீயும் நானும் ஒண்ணு, ஆனா ரொம்ப ஒட்டிக்கல, அந்த நடு தூரம் இருக்கு பாருங்க, அதத்தான் டூட் காட்டுது. நம்ம காலேஜ் பசங்க மச்சின்னு சொல்றப்பவும் கிட்டத்தட்ட இதேதான?

அதனால அர்த்தம்னு ஒண்ண மனப்பாடம் பண்ணாதீங்க, குரல கவனிங்க. டூ...ட்னு இழுத்தா ஆச்சரியம், செம்மயா இருக்கு மாதிரி. வெடுக்குனு கட் பண்ணி சொன்னா, ஏய் போதும் நிறுத்து. கொரல எறக்கி மெதுவா சொன்னா, அடப்பாவமேன்னு ஆறுதல். கடைசில தூக்கிக் கேட்டா, டூட்? என்னாச்சு, என்ன பண்ற? வாக்கியத்துக்கு முன்னாடி, பின்னாடி எங்க வேணா வரும், சில சமயம் அந்த ஒத்த வார்த்தைதான் மொத்த வாக்கியமே.

எங்க வேணாம்? புரொபசருக்கு மெயில் எழுதுறப்ப, இன்டர்வியூல, போலீஸ் வண்டிய நிறுத்துனா அங்க, சுத்தமா வேணாம். உங்கள விட பெரிய பொறுப்புல இருக்குறவங்கள, அவங்களே மொதல்ல சொல்லாம, நீங்க டூட்னு ஆரம்பிக்காதீங்க. பொண்ணுங்கள சொல்லலாமான்னு நிறைய பேரு கேக்குறீங்க, ஃப்ரெண்டா இருந்தா சகஜமா சொல்றாங்க, அவங்களுக்குள்ளயும் சொல்லிக்கிறாங்க, ஆனா அது ஆம்பள வார்த்தைன்னு பிடிக்காதவங்களும் உண்டு, வேணாம்னு சொன்னா அதோட விட்டுடுங்க. இன்னொண்ணு, தி டூட், தட் டூட்னு ஒருத்தர பத்திப் பேசுறப்ப சொன்னா அது பெரும்பாலும் ஆம்பளையத்தான் குறிக்கும், எதுக்க நிக்கிறவங்கள கூப்பிடுறப்பதான் யாருக்கு வேணா பொருந்தும். இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாருங்க, பாதி கொழப்பம் அங்கயே போயிடும்.