அண்ணா, லாக் எடுத்துத் தருவீங்களா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சந்தில் பல வருடங்களாகச் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்பிளே மாற்றுவது, சார்ஜ் ஏறாத போனைச் சரிபண்ணுவது, டெம்பர்டு கிளாஸ் ஒட்டுவது, இதுதான் பிழைப்பு. கடைக்கு வருகிறவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி எது என்று நிலையத்தில் கேட்டார்கள். யோசிக்கவே வேண்டியதில்லை. "அண்ணா, லாக் எடுத்துத் தருவீங்களா?"

சொந்தப் போனின் லாக் நம்பரை மறந்தவர்கள் பாதி. மகன் போன், வீட்டுக்காரர் போன் என்று கொண்டு வருகிறவர்கள் மீதி. இரண்டாவது வகையைக் கும்பிட்டு அனுப்பிவிடுவேன். முதல் வகைக்கும் பெரிதாக உதவ முடிவதில்லை. இப்போது வரும் போன்களில் லாக்கை எடுத்தால் உள்ளே இருக்கும் போட்டோ, காண்டாக்ட் எல்லாம் சேர்ந்தே போய்விடும். அது ஏன் என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

என் சர்வீஸ் பில்லில் ஒரு மூலையில் ஒன்பது புள்ளி அச்சடித்திருக்கும். போனை விட்டுப் போகிறவர்கள் தங்கள் பேட்டர்னை, அதாவது போனைத் திறக்கப் புள்ளிகளை இணைத்து இழுக்கும் கோட்டை, அதில் வரைந்து தருவார்கள். மார்கழியில் இருபத்தொரு புள்ளி வைத்து வாசலை அடைத்துக் கோலம் போடும் கை, போனில் ஒன்பது புள்ளியைக் கண்டதும் ஆங்கில எல் எழுத்தைப் போட்டுவிட்டு ஓய்ந்துவிடுகிறது. எல் இல்லையென்றால் இசட். அதுவும் இல்லையென்றால் பெயரின் முதல் எழுத்து. பில்லைப் பார்க்காமலே நான் திறந்த போன்கள் உண்டு.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நார்வேயில் ஒரு மாணவி தன் முதுகலை ஆய்வுக்காக ஏறக்குறைய 4,000 பேட்டர்ன்களைச் சேர்த்துப் பார்த்தார். 2015-இல் அதன் முடிவு வந்தது. 44 சதவீதம் மேல் இடது மூலையில் தொடங்கியிருந்தன. பத்தில் ஒன்றுக்கு மேல் ஏதோ ஓர் எழுத்தின் வடிவம். கணக்குப்படி அந்த ஒன்பது புள்ளியில் 3,89,112 விதமாகக் கோடு இழுக்கலாம். ஆனால் நான்கே புள்ளியோடு நிறுத்தினால் 1,624 வழிதான். நாலு இலக்க நம்பருக்காவது 10,000 வழி இருக்கிறது.

எண்ணிக்கையை விடுங்கள், ஏற்காடு பஸ்ஸில் நின்றுகொண்டு போய்ப் பாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு, உட்கார்ந்திருப்பவர்களின் மடி எல்லாம் தெரியும். மலை இறங்குவதற்குள் அக்கம்பக்கத்து நாலைந்து பேரின் பேட்டர்ன் எனக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். வேண்டுமென்று பார்ப்பதில்லை. பளிச்சென்று கோடு ஓடும்போது கண் தானாகப் போகிறது. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி ஆய்வாளர்கள் 2017-இல் இதையே சோதித்தார்கள். ஒருவர் போனைத் திறப்பதை ஒரே ஒரு முறை வீடியோவில் காட்டினார்கள். ஆறு புள்ளி பேட்டர்னை 64 சதவீதம் பேர் அப்படியே திரும்பப் போட்டார்கள். ஆறு இலக்க நம்பரைப் போட முடிந்தவர்கள் 11 சதவீதம். கோடு தெரியாதபடி செட்டிங்கில் மாற்றிவைத்தால் பேட்டர்னிலும் அந்த 64, 35 ஆகக் குறைந்தது. பேட்டர்னை விடவே மாட்டேன் என்பவர்கள் அதையாவது இன்றைக்கே செய்யுங்கள். விரல் பிசுக்கு கண்ணாடியில் கோடாக நிற்பது வேறு கதை. இட்லிக்கு எண்ணெய் தொட்டுக்கொண்ட கையோடு போனை எடுக்கிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

சரி, கைரேகைக்கு வருவோம். நம்மூரில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் வருடக்கணக்காக ராவி, ஆசிடில் கை வைத்து வேலை பார்த்தவர்களுக்கு ரேகை பாதி தேய்ந்திருக்கும். சேர்வராயன் மலையில் காபி பறிக்கிற அம்மாக்களுக்கும் அப்படித்தான். ரேஷன் கடை மெஷின் நாலு முறை துடைத்து வைத்தாலும் ஏற்காமல் அலைக்கழித்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். போனும் அதையேதான் செய்கிறது. வேலையில் அதிகம் உரசாத விரலைப் பதியுங்கள். பல போன்களில் அதே விரலை இரண்டு முறை பதியலாம், ஒன்று காலையில், ஒன்று வேலை முடிந்த கையோடு. பெரும்பாலும் சரியாகிவிடும்.

போலி விரல் செய்ய முடியாதா என்றால், முடியும். ஐபோன் 5எஸ் வந்தது 2013 செப்டம்பரில். சில நாட்களிலேயே ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் சங்கத்துக்காரர்கள் கண்ணாடியில் பதிந்த ரேகையைப் படமெடுத்து, அதிலிருந்து ஓர் அச்சு செய்து திறந்து காட்டினார்கள். அச்சு எடுப்பது நம் ஊருக்குப் புதிதில்லை, கொலுசுக்காரர்கள் இதைவிட நுணுக்கமாக எடுப்பார்கள். ஆனால் ஆடிப் பண்டிகைக் கூட்டத்தில், கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில், உங்கள் சட்டைப்பையிலிருந்து போனை உருவுகிறவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான். கைரேகைக்கு நான் பயப்படுவது வீட்டுக்குள்தான். தூங்குகிறவர் விரலை எடுத்து வைத்தால் போன் திறந்துகொள்ளும். எத்தனை குடும்பச் சண்டை என் கடை மேஜை வரை வந்திருக்கிறது, தெரியுமா!

டெம்பர்டு ஒட்டுகிறவன் என்ற முறையில் இன்னொன்று. 2019-இல் சாம்சங் எஸ்10 போனில் சிலவகை சிலிகான் உறையைப் போட்டால் யார் விரலை வைத்தாலும் திறந்தது. உறையில் இருந்த புள்ளி வடிவத்தையே போன் ரேகை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அப்டேட் கொடுத்துச் சரிசெய்தார்கள். ஆகவே திரைக்குள்ளேயே ரேகை வைக்கிற போன் என்றால், புதுக் கண்ணாடி ஒட்டியதும் பழைய ரேகையை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள். பதிந்த பிறகு பதியாத விரலையும் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

முகத்தைப் பொறுத்தவரை விலைதான் பேசும். ஐபோனில் 2017 முதல் வரும் ஃபேஸ் ஐடி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகள் 30,000-க்கு மேல் முகத்தில் அடித்து, மூக்கின் மேடு, கன்னத்தின் பள்ளம் வரை அளக்கிறது. யாரோ ஒருவர் முகத்துக்கு அது திறக்கும் வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்கிறது ஆப்பிள். பழைய டச் ஐடி கைரேகைக்கு அவர்கள் சொன்னது 50,000-இல் ஒன்று. இரட்டையர்களுக்கும், ஒரே சாயலில் இருக்கும் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்கும், 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போனில் இருப்பது வேறு. அங்கே வேலை பார்ப்பது சாதாரண செல்ஃபி கேமரா. நெதர்லாந்து நுகர்வோர் சங்கம் 110 போன்களைச் சோதித்து 2019 தொடக்கத்தில் முடிவைச் சொன்னது. 42 போன்கள் உரிமையாளரின் போட்டோவைக் காட்டியதும் திறந்தன. நம் ஊரில் போட்டோவுக்கா பஞ்சம்? காதுகுத்துக்கே ஐந்து ரோட்டில் பிளக்ஸ் வைக்கிறோம். அந்த வகைப் போனில் முகத்தை அணைத்துவிடுங்கள். பல பேங்க் ஆப்கள் விரலை ஏற்றுக்கொண்டு முகத்தை ஏற்காமல் அடம்பிடிப்பதும் இந்தக் காரணத்தால்தான்.

இப்போது முதலில் பாக்கி வைத்த விஷயம். போனை அணைத்துப் போட்டதும் விரலை வைத்தால் திறக்காது, நம்பரைக் கேட்கும். ரிப்பேர் என்று நினைத்து என்னிடம் கொண்டுவருகிறார்கள். ரிப்பேர் இல்லை. போனுக்குள் இருப்பதெல்லாம் யாராலும் படிக்க முடியாதபடி குழப்பி எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பிரிக்கும் சாவி எங்கும் முழுதாகக் கிடப்பதில்லை. நீங்கள் போடும் நம்பரையும், சிப்புக்குள் புதைத்திருக்கும் ஒரு ரகசிய எண்ணையும் சேர்த்தால்தான் அது உருவாகும். நம்பர் இல்லையென்றால் சாவி இல்லை. அதனால்தான் என்னால் லாக்கை மட்டும் தனியாக எடுத்துத் தர முடிவதில்லை. விரலும் முகமும் வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி. முதலாளி காலையில் ஒருமுறை பூட்டைத் திறந்து வைத்தால், அப்புறம் தெரிந்த ஆளைப் பார்த்து உள்ளே விடுவார். இரண்டு மூன்று நாள் ஆனால் அவரும் மறுபடி முதலாளியைக் கூப்பிடுவார்.

இது புரியாமல்தான் விலை உயர்ந்த போனில் கைரேகை, முகம் எல்லாம் வைத்துவிட்டு, நம்பரில் 1234 போடுகிறோம். முன்வாசலில் வாட்ச்மேன், கொல்லைப்புறத்தில் தாழ்ப்பாள் இல்லை. பிறந்த வருடமும் வண்டி நம்பரும் இதே ரகம், உங்களைத் தெரிந்தவனுக்கு அவை ரகசியமே இல்லை. ஆறு இலக்கம் வையுங்கள், 10 லட்சம் வழி. தவறாகப் போடப் போட போன் காக்கவைக்கும் நேரமும் ஏறும், ஆகவே வரிசையாகப் போட்டுப் பார்க்கவும் முடியாது. பொது இடத்தில் விரலால் திறங்கள், நம்பரை யார் கண்ணிலும் படவிடாதீர்கள். என் பில்லிலும் எழுத வேண்டாம். டிஸ்பிளே மாற்ற நம்பர் எதற்கு? வேலை முடிந்ததும் நீங்களே வந்து திறந்து பார்த்துக்கொள்ளலாம். கடைக்காரன் நானே சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. போன் பூட்டியிருந்தாலும் ஓடிபி மேலே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் லாக் ஸ்கிரீனில் செய்தி காட்டுவதை நிறுத்துங்கள். அப்புறம், திருடன் முதலில் கழற்றுவது சிம்மைத்தான். அதை வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி அவனுக்கு வரும். சிம்முக்கென்று தனியாக ஒரு ரகசிய நம்பர், பின் (PIN) லாக், செட்டிங்கிலேயே இருக்கிறது. ஆனால் சிம் கம்பெனி வைத்துக்கொடுத்த பழைய பின் நம்பர் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அதில் கை வையுங்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்க பக் (PUK) என்ற எட்டு இலக்க நம்பரைக் கேட்கும். அதையும் பத்து முறை தவறாகப் போட்டால் சிம் செத்துவிடும். பக் நம்பர் சிம் கம்பெனியிடம்தான் கிடைக்கும். என் கடைக்குக் கொண்டுவந்தால் நான் டீ வேண்டுமானால் வாங்கித் தருவேன். வணக்கம்.