இளையோர் மேடையில் பக்கவாத்தியம்

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

நவராத்திரி மேடையாகட்டும், மார்கழி மாதக் கோயில் மண்டபமாகட்டும், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை பாட உட்காரும்போது பக்கத்தில் அனுபவப்பட்ட வயலின் வித்வானும் மிருதங்க வித்வானும் இருந்தால் கச்சேரிக்குக் கனம் வரும். அந்தக் கனம் பிள்ளையின் தலையில் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேலை கச்சேரிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குகிறது.

முதலில் கட்டை, அதாவது பாடுகிற சுருதியின் அளவு. சிறுமிகள் பெரும்பாலும் 5, 5½ கட்டையில் பாடுவார்கள். சாரீரம் உடைந்த பையன்கள் 1, 1½ கட்டைக்கு இறங்கிவிடுவார்கள். உடைகிற தறுவாயில் இருக்கும் பையனுக்குப் போன மாதக் கட்டை இந்த மாதம் எட்டாது. ஆகவே பாடச் சொல்லிக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மேல் சுருதிக்கு 22 அங்குல எச்சு மிருதங்கம், கீழ் சுருதிக்கு 24 அங்குலத் தக்கு மிருதங்கம் என்பது வழக்கம். ஒரே மிருதங்கத்தை அரைக் கட்டை அளவுக்குத் தட்டி ஏற்றலாம். அதற்கு மேல் போனால் நாதம் செத்துவிடும், தோலும் கிழியலாம். வயலினையும் கீழ் சுருதியிலிருந்து சட்டென்று 5 கட்டைக்கு முறுக்கினால் தந்தி அறும். அறாவிட்டாலும் கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். அடுத்தடுத்து மூன்று பிள்ளைகள் பாடுவதானால் கட்டை வாரியாக வரிசைப்படுத்துங்கள். வயது வாரியாக வைத்தால் சுருதி சேர்ப்பதிலேயே பொழுது போய்விடும்.

சாரல் காலத்தில் தென்காசி, குற்றாலம் பக்கம் ஈரக்காற்றில் மிருதங்கத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். மேடை மின்விசிறியை மிருதங்கத்தின் இடது முகமான தொப்பிப் பக்கம் திருப்பி வைத்தால், அதில் ஒட்டிய ரவைப் பசை காய்ந்து கும்கி என்ற ஆழ்ந்த நாதம் போய்விடும். இரண்டையும் முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.

ஒத்திகை கட்டாயம், இரண்டு நாள் முன்பு ஒரு தடவையாவது. உருப்படி (பாட்டு), ராகம், தாளம், எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்), எந்த வரியில் சுரம், எத்தனை ஆவர்த்தனம் (தாளச் சுற்று), சுரத்தை முடிக்கும் கடைசிக் கோர்வையின் கணக்கு என்ன என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். பெரிய வித்வானை ஒத்திகைக்கு எப்படிக் கூப்பிடுவது என்று பலர் தயங்குகிறார்கள். அவர் கை விழும் விதம் பிள்ளையின் காதுக்குப் பழக வேண்டும், தயங்காமல் கூப்பிடுங்கள்.

மேடையில் முதலில் கெடுவது காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம். கூட்டத்தைக் கண்ட பிள்ளை வர்ணத்திலேயே ஓட ஆரம்பிக்கும். அந்த நேரம் மிருதங்கக்காரர் துரிதமான சொற்களை அடுக்கினால் ஓட்டம் இன்னும் கூடும். சீராக ஓடும் வெறும் சர்வலகுவில் இரண்டு ஆவர்த்தனம் பிடித்து நிறுத்தினால் பிள்ளை அடங்கி வந்துவிடும். சமம் (தாளத்தின் முதல் அடி) விட்டு எடுக்கிற பாட்டில் தாளக்கை நழுவினால், எடுப்பில் வந்து விழுகிற சின்னத் தீர்மானம் (முடிப்பு) ஒன்று போதும். நிமிர்ந்து முறைப்பதும், எல்லாரும் பார்க்கத் தாளம் தட்டிக் காட்டுவதும் வேண்டவே வேண்டாம். சபைக்குத் தெரிந்துவிட்டது என்று உணர்ந்த மறுநொடி பிள்ளைக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரக் கச்சேரியில், மிருதங்கம் தனியே வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஏழெட்டு நிமிடத்தோடு நிற்கட்டும். தனி முழுக்கத் தாளம் போடுவதும், அது முடிந்ததும் பாட்டின் அடியை எடுக்க வேண்டியதும் அந்தப் பிள்ளைதான். ஒத்திகையில் கேட்காத நடை மாற்றத்தை (அடிக்குள் எண்ணிக்கை மாறுவதை) அங்கே கொண்டுவருவது நியாயமில்லை.

வயலின்காரர், தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனையில் பிள்ளை பாடிய நேரத்தில் பாதி வாசித்தால் போதும். மேல் ஷட்ஜத்தில் (மேல் ‘ஸ’) நிற்க முடியாமல் பிள்ளை திணறினால் அதே சுரத்தில் நீள வில் போட்டுத் தாங்கலாம்.

நாயன (நாதசுர) மரபில் இளையவரைப் பழக்கப் பழைய வழி ஒன்று உண்டு. சீடன் முதலில் சுருதி மட்டும் தரும் ஒத்து ஊதுவான். பிறகு குருவுக்குப் பக்கத்தில் இரண்டாவது நாயனம். நம் நாதசுர வித்வான் காருக்குறிச்சி அருணாசலமும் (1921–1964) திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் கற்று, அவர் பக்கத்தில் வாசித்து மேலே வந்தவர்தான். இன்று ஒத்தின் இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டது. திருநெல்வேலி மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாதசுரம் படிக்கும் பிள்ளைகளுக்கு மேடை கொடுக்கும்போது, பெரியவரை இரண்டாவது நாயனமாக உட்கார வைத்துப் பாருங்கள். பிள்ளை தொடங்கட்டும், மூச்சு வாங்கும் இடத்தில் பெரியவர் ஏந்திக்கொள்ளட்டும். இரண்டு நாயனமும் ஒரே கட்டையாக இருக்க வேண்டும். நுனியருகே விரல் படாத துளைகளில் மெழுகு வைத்துச் சின்ன வித்தியாசத்தைச் சரிசெய்யலாம். அரைக் கட்டை இடைவெளி மெழுகுக்கு அடங்காது. பிள்ளையின் உதட்டுக்குப் படியாத புதுச் சீவாளியை (நாயனத்தில் வாய் வைத்து ஊதும் பகுதியை) அன்று செருகக் கூடாது.

ஒலிபெருக்கி அமைப்பவர் பிள்ளையின் குரலை முதலில் வைத்து, மற்றதை அதற்குக் கீழே கொண்டுவர வேண்டும். பாடுகிறவர் பக்கம் திரும்பிய சிறு ஒலிபெருக்கி ஒன்றில் சுருதியும் சொந்தக் குரலும் கேட்காவிட்டால் பிள்ளை கத்திப் பாடும். மூன்றாவது உருப்படியில் குரல் கம்மிவிடும்.

வானொலியில் பி, பி ஹை, ஏ, டாப் என்று ஏறுவரிசையில் கலைஞர்களுக்குத் தரம் உண்டு. இளையோர் மேடைக்கு ஆள் தேடும்போது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பழகியவரா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சின்னப் பிள்ளை கச்சேரிதானே என்று சன்மானத்தைக் குறைக்காதீர்கள். ஒத்திகை நாளுக்கும் சேர்த்துத் தொகையைப் பேசி, கச்சேரி முடிந்த கையோடு தாம்பூலத்தில் வைத்துக் கொடுத்துவிடுங்கள். வணக்கம்.