38 டிகிரியா, 100 டிகிரியா? இரண்டும் ஒரே வெயில்தான்

வணக்கம் மக்களே. திருவையாறு பக்கம், காவிரிக் கரை மரத்தடியில் நின்று பேசுகிறேன். ஃபோனைப் பாருங்கள், 38 என்று காட்டுகிறது. பக்கத்து டீக்கடையில் "இன்னைக்கு நூறைத் தாண்டிடுச்சு" என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரி. ஃபோன் சொல்வது செல்சியஸ், டீக்கடை சொல்வது பாரன்ஹீட். 38 செல்சியஸ் என்றால் 100.4 பாரன்ஹீட்.

"வெயில் சதமடித்தது" என்று பேப்பரில் போடுவதும் பாரன்ஹீட் கணக்குதான். செல்சியஸில் சதமடித்தால் தண்ணீர் கொதித்துவிடும்!

சரி, மனக்கணக்குக்கு வருவோம். செல்சியஸை இரட்டிப்பாக்குங்கள், அதில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள், 32 கூட்டுங்கள். 40 என்றால் 80; அதில் 8 போனால் 72; 32 சேர்த்தால் 104. ஒரு இடத்தில் மட்டும் உஷார். "வழக்கத்தைவிட 3 டிகிரி அதிகம்" என்று செய்தியில் வந்தால் 32 கூட்டக் கூடாது. அது வித்தியாசம், வெறும் 5.4 பாரன்ஹீட்தான். பனிக்கட்டி உருகும் நிலை செல்சியஸில் 0, பாரன்ஹீட்டில் 32. தொடக்கம் வேறு என்பதால்தான் அந்த 32 வருகிறது.

நம் டெல்டாவுக்கு முக்கியமான எண் 35. நெல் பூக்கிற நேரத்தில் வெப்பம் 35 செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு, மணி பிடிக்காமல் பதர் கூடும். 35 என்பது 95 பாரன்ஹீட். அதாவது பேப்பரில் சதம் வருவதற்கு முன்பே பயிருக்குத் தொந்தரவு ஆரம்பித்துவிடுகிறது. வயல் வைத்திருப்பவர்கள் சதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் காய்ச்சல். டிஜிட்டல் தெர்மாமீட்டரில் எண்ணுக்குப் பக்கத்தில் குட்டியாக சி அல்லது எஃப் எழுத்து இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். குழந்தைக்கு 38.5 காட்டினால் "முப்பத்தெட்டுதானே" என்று விட்டுவிடாதீர்கள், அது 101.3. டாக்டரிடம் ஃபோனில் சொல்லும்போது எந்த அளவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கெல்வின் என்று இன்னொரு வெப்ப அளவும் உண்டு, சுருக்கமாக 'கே'. அது நம் வீட்டுக்குள் வருவது எல்.இ.டி. பல்பு அட்டையில்தான். அங்கே 6500 கே என்பது பல்பின் சூடு இல்லை, வெளிச்சத்தின் நிறம். 3000 என்றால் மஞ்சள், 6500 என்றால் வெள்ளை. கடையில் பார்த்து வாங்குங்கள்.