மாமல்லபுரத்தில் மீன் சாப்பிடப் போகிறவர்களுக்கு

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

மாமல்லபுரத்தைப் பற்றி உரையாற்ற அழைப்பவர்கள் பெரும்பாலும் பல்லவர் சிற்பங்களைப் பற்றித்தான் பேசச் சொல்வார்கள். அங்கே சாப்பிடுவதைப் பற்றிப் பேசுங்கள் என்று இந்த நிலையத்தார் கேட்டபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நான் சுற்றுலா வழிகாட்டியாக வேலை பார்க்கிறேன். அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை, ஐந்து ரதம் எல்லாம் பார்த்து முடித்துக் கடற்கரைக் கோயிலுக்கு வரும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த கோயில், 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்று நான் சொல்லிக்கொண்டிருப்பேன். கூட்டத்தில் ஒருவர் மெதுவாக அருகில் வந்து, "இங்கே மீன் எங்கே நன்றாக இருக்கும்?" என்று கேட்பார். அவருக்கு நான் சொல்லும் பதிலைத்தான் இன்று கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

கோயிலிலிருந்து சற்று வடக்கே நடந்தால் ஒத்தவாடைத் தெரு. குறுகலான தெரு. இரண்டு பக்கமும் விடுதிகள், சிற்பக் கடைகள், துணிக்கடைகள், மாடியில் கூரை போட்ட உணவகங்கள். தெரு முடிகிற பக்கம் மீனவர் குப்பம், அதற்கப்பால் மணலில் ஏற்றி வைத்த ஃபைபர் படகுகள். விடியற்காலையில் படகுகள் கரையேறும் நேரத்தில் அங்கே போய் நின்று பாருங்கள். வலையிலிருந்து சங்கரா, நெத்திலி, கவலை, காரப்பொடி, கடம்பா, நண்டு என்று பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். இவ்வளவு பக்கத்தில் கடலும் அடுப்பும் அமைந்த சுற்றுலா ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

ஆனால் உணவகத்தில் உட்கார்ந்து பட்டியலைப் புரட்டினால் மனம் வருந்துகிறது. வாழைப்பழ பான்கேக், பாஸ்தா, கோபி மஞ்சூரியன், ஃபிரைடு ரைஸ், பூண்டும் வெண்ணெயும் தடவிச் சுட்ட மீன், அதனுடன் உருளைக்கிழங்கு வறுவல். வெளிநாட்டுப் பயணிகளுக்காகத் தொடங்கிய பட்டியல், பிறகு சென்னையிலிருந்து வார இறுதியில் வருகிறவர்களுக்காகவும் நீண்டது. அவை கூடாது என்று நான் சொல்லவில்லை. கடலைக் கடந்து வந்தவருக்கு அவர் நாக்குக்குப் பழகிய ஒன்றும் வேண்டும்தான். ஆனால் நூறு அடி தள்ளி ஒரு குப்பத்து வீட்டில் கொதித்துக்கொண்டிருக்கும் மீன் குழம்பு இந்தப் பட்டியல்கள் பலவற்றில் இல்லை. இருந்தாலும், முந்திரியும் கிரீமும் கலந்து காரத்தைக் கழற்றிவிட்ட வேறொரு பண்டமாக இருக்கிறது.

இதற்குக் காரணம் இருக்கிறது. சுட்ட மீனை ஆள் வந்த பிறகு கால் மணி நேரத்தில் போட்டுக் கொடுக்கலாம், எடைக்கு விலை சொல்லலாம். குழம்பு அப்படியல்ல. புளி கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வெந்தயமும் நல்லெண்ணெயில் வதக்கி, மசாலா கொதித்து எண்ணெய் மேலே மிதக்கும்போதுதான் மீனைப் போட வேண்டும். போட்ட பிறகு கரண்டியால் கிளறக் கூடாது. இறக்கியவுடன் பரிமாறுவதைவிடச் சில மணி நேரம் கழித்துத்தான் ருசி கூடும். அப்படியென்றால் காலையிலேயே இன்று எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டுச் சமைக்க வேண்டும். சனி, ஞாயிறு நிரம்பி வழிந்து செவ்வாய்க்கிழமை வெறிச்சோடும் தெருவில் அந்தக் கணக்கு கடினம். வெளிநாட்டுப் பயணிகள் நவம்பர் முதல் மார்ச் வரைதான் அதிகமாக வருகிறார்கள். அந்தச் சில மாதங்களில் வருடம் முழுவதற்குமான வாடகையை எடுத்தாக வேண்டிய கட்டாயம் உரிமையாளருக்கு. இன்று வந்தவர் மறுபடி வரப்போவதில்லை என்ற எண்ணமும் மெல்லச் சேர்ந்துகொள்கிறது. என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றுக்கும் வேர் அந்த எண்ணம்தான்.

மாலையில் உணவக வாசல்களில் ஐஸ் பரப்பிய தட்டில் மீனை வைத்துக் காட்டுவார்கள். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, புலி இறால், நடுவே ராஜாவாக ஒரு சிங்கி இறால். அந்தத் தட்டின் முன் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கண் தெளிவாக, புடைப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழாமல் சதை எழும்ப வேண்டும். பிறகு விலை. "இது எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். சொல்லும் விலை கிலோவுக்கா, இந்த ஒரு மீனுக்கா, சுத்தம் செய்வதற்கு முந்தைய எடைக்கா பிந்தைய எடைக்கா, சமைக்கும் கூலியும் வரியும் அதில் அடக்கமா என்று கேளுங்கள். தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நண்டிலும் சிங்கி இறாலிலும் ஓடே பெரும்பங்கு எடை என்பதால் இந்தக் கேள்விகள் அங்கே இன்னும் அவசியம். கேட்பதில் வெட்கமே வேண்டாம். நேர்மையான கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். உள்ளங்கை நீளம்கூட இல்லாத சிங்கி இறாலையோ, வயிற்றில் முட்டை சுமக்கும் நண்டையோ தட்டில் கண்டால் தயவுசெய்து வாங்காதீர்கள். அவை வளர்ந்து பெருகினால்தான் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் நாளை கடலில் ஏதாவது மிஞ்சும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்கான இடைவெளி அது. சிறு படகுகள் மட்டும் கரையோரமாகப் போய்வரும். அந்த மாதங்களில் பெரிய வஞ்சிரம் தட்டு நிறையக் கிடந்தால் அது எங்கிருந்து வந்தது, எத்தனை நாளைய ஐஸ் என்று கேட்பது உங்கள் உரிமை. அப்போது நான் அழைத்துப் போகிறவர்களை நெத்திலி வறுவல் கேட்கச் சொல்வேன்.

பில்லைப் பற்றிச் சுருக்கமாக. உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் அதில் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. எண் இல்லாத பில்லில் அந்த வரியை வசூலிக்க முடியாது. சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. எடுத்துவிடுங்கள் என்று சொல்லலாம். கேட்கவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பரிமாறியவர் அன்பாகக் கவனித்திருந்தால் அவர் கையில் நேரடியாகக் கொடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆட்டோ ஓட்டுநரோ வழிகாட்டியோ ஒரு குறிப்பிட்ட உணவகத்துக்கே போகலாம் என்று வற்புறுத்தினால் பல நேரங்களில் அங்கே அவருக்கு கமிஷன் உண்டு. அந்தப் பணம் உங்கள் தட்டின் விலையில்தான் ஏறுகிறது. நான் அதை வாங்குவதில்லை. வாங்குகிற நண்பர்களிடம் இதை நேரிலேயே சொல்லியிருக்கிறேன். ஒரு வழிகாட்டி தூணில் உள்ள சிம்மத்தைக் காட்டும்போது எவ்வளவு உண்மையாக இருக்கிறாரோ, அதே உண்மை சாப்பாட்டு இடத்தைக் காட்டும்போதும் வேண்டும்.

சரி, எங்கே போவது? எந்தக் கடையின் பெயரையும் நான் வானொலியில் சொல்லப் போவதில்லை. காலையில் கோயில் நுழைவுச்சீட்டு வாங்குவதற்கு முன்பே ஒத்தவாடைத் தெருவில் ஒரு நடை நடந்துவிடுங்கள். சமையலறை வாசல் திறந்திருக்கும் ஒரு சிறிய உணவகத்தைப் பாருங்கள். சமைப்பவர் யார் என்று விசாரியுங்கள். "அண்ணே, மதியம் நாங்கள் ஆறு பேர் வருகிறோம். பட்டியலில் இருப்பது வேண்டாம். இன்று கரைக்கு வந்த மீனில், உங்கள் வீட்டில் வைப்பது போலக் குழம்பு வைத்துத் தருவீர்களா?" என்று கேளுங்கள். விலையை அப்போதே பேசி, கொஞ்சம் முன்பணமும் கொடுத்துவிடுங்கள். நான் அழைத்துச் செல்லும் குழுக்களுக்கு இப்படித்தான் ஏற்பாடு செய்கிறேன். முடியாது என்று சொன்னவர்கள் சிலர்தான். சங்கராவும் மாங்காயும் போட்ட குழம்பு, சூடான சோறு, ஓரத்தில் கடம்பா வறுவல். காரம் தாங்காத விருந்தினருக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி, ஒரு துண்டு மீனை மஞ்சளும் உப்பும் தடவித் தனியாக வறுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.