பாடக் கேட்டேன்

நேயர்களுக்கு வணக்கம்.

'அவள் பாடக் கேட்டேன்.' இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், நம் பிள்ளைகள் பலர் 'ஐ ஹேர்ட் ஹெர் டு சிங்' என்று எழுதிவிடுகிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 'பாட' என்றால் 'டு சிங்' என்று வகுப்பில் மனப்பாடம் செய்யவைத்தது நாம்தானே?

ஆனால் பார்ப்பது, கேட்பது, உணர்வது போன்ற வினைகளுக்குப் பின்னால், செய்வினை வாக்கியத்தில் அந்த 'டு' வராது. 'ஐ ஹேர்ட் ஹெர் சிங்', அவ்வளவுதான். சீ, வாட்ச், ஃபீல், நோட்டிஸ் எல்லாமே இப்படித்தான். 'ஆடக் கண்டேன்', 'அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்' என்று நாம் சொல்லும்போது இரண்டு வினையும் ஒட்டி நிற்கின்றன, பாருங்கள். அதே நெருக்கம்தான் அங்கேயும். ஆசிரியர்கள் விதியைச் சொல்வதற்கு முன்னால் இந்தத் தமிழ் வாக்கியங்களைச் சொன்னால் நன்றாக இருக்கும்.

சரி, 'ஐ ஹேர்ட் ஹெர் சிங்கிங்' என்றும் சொல்கிறார்களே? அதுவும் சரிதான், ஆனால் பொருள் கொஞ்சம் மாறும். 'ஐ சா ஹிம் கிராஸ் த ரோட்' என்றால், அவர் இந்தப் பக்கம் இறங்கியதிலிருந்து அந்தப் பக்கம் ஏறியது வரை பார்த்திருக்கிறேன். 'கிராஸிங்' என்றால், நான் பார்த்த நேரத்தில் அவர் நடுச்சாலையில் இருந்தார். போய்ச் சேர்ந்தாரா, பாதியில் திரும்பினாரா என்பதை அந்த வாக்கியம் சொல்லாது.

இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லையா? 'ஐ சா ஹிம் டிரவுன்' என்று சொல்லிப் பாருங்கள். அவர் மூழ்கி இறந்துவிட்டார். 'டிரவுனிங்' என்றால் தண்ணீரில் தத்தளித்துக்கொண்டிருந்தார். யாராவது குதித்துக் கரைசேர்த்திருக்கலாம். 'இங்' விட்டுப்போனால், பிழைத்தவரைக்கூட இறந்தவராக்கிவிடுவோம்.

வாசனைக்கு மட்டும் 'இங்' தவிர வேறு வழியில்லை: 'ஐ ஸ்மெல் சம்திங் பர்னிங்'. ஏதோ தீய்கிற வாசனை வருகிறது. அப்புறம், 'ஐ ஹேர்ட் தட் ஷி சாங்' என்பது வேறு கதை. அங்கே பாட்டு நம் காதில் விழவே இல்லை. அவள் பாடினாள் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறோம்.

இன்னும் ஒன்று. செயப்பாட்டு வினைக்கு மாற்றினால், காணாமல் போன 'டு' திரும்பி வந்துவிடும். 'வி சா ஹிம் என்டர் த ஹவுஸ்' என்பது 'ஹி வாஸ் சீன் டு என்டர் த ஹவுஸ்' ஆகும். 'மேக்' என்ற வினைக்கும் இதே வழக்கம்: 'தே மேட் ஹிம் வெயிட்', 'ஹி வாஸ் மேட் டு வெயிட்'. 'இங்' உள்ள வாக்கியத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. 'ஹி வாஸ் சீன் என்டரிங் த ஹவுஸ்' என்று அப்படியே நிற்கும்.

நன்றி, வணக்கம்.